கொடிக்கு வைத்த மஞ்சள்

மாட்டுங்காவில் வானமாமலையைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். குழாயடியில் சண்டைக்கு நிற்க மாட்டார். கீர்த்தனைக் கச்சேரிக்குப் போனால் முன்வரிசைக்கு முண்டியடிக்க மாட்டார். அவருக்கு எதிர்வீட்டில் பல வருடம் குடியிருந்தவன் நான். எனக்கும் அவர்மேல் குறை கிடையாது, ஒன்றே ஒன்றைத் தவிர. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கூடவே வெட்கமாகவும் இருக்கிறது. அவர் செய்ததற்கு நான் ஏன் வெட்கப்பட வேண்டும் என்று கேட்டால் பதில் தெரியாது. நடந்ததில் பாதி அவர் வாயாலேயே பிற்பாடு கேட்டது. கடைசிப் பகுதி நான் கண்ணால் பார்த்தது.

நாங்குநேரிப் பக்கம் பிறந்து, பள்ளிப்படிப்பை முடித்த கையோடு பம்பாய்க்கு ரயில் ஏறியவர். செம்பூரில் மின்விசிறி செய்யும் ஒரு தொழிற்சாலையில் கிளார்க். தினமும் கிங்ஸ் சர்க்கிளில் ஏறி, வடாலாவில் வண்டி மாறிப் போவார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் மடித்த ஆங்கிலப் பேப்பர், நெற்றியில் ஒன்றும் கிடையாது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது இருக்கும் விபூதி ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் காணாமல் போய்விடும்.

அவரை உறுத்திக்கொண்டிருந்தது ஒரு வார்த்தைதான்: மதராஸி. தன்னை அப்படிக் கூப்பிடுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். கூப்பிடுகிறவர் மனசுக்குள் தன்னோடு சேர்த்து வேறு மதராஸிகளையும் நிறுத்திவைத்துப் பார்ப்பாரே, அதைத்தான் தாங்க முடியாது. அந்த வேறு மதராஸிகள் தாராவியிலிருந்து அதே தொழிற்சாலைக்கு வந்தார்கள். பெயின்ட் பிரிவில் நாலு பேர். அவர்களில் மூத்தவன் கோமதிநாயகம். திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்காரன், நல்ல உயரம், நல்ல குரல். வடாலா பிளாட்பாரத்தில் வானமாமலையைக் கண்டுவிட்டால் அந்தக் கடைசியிலிருந்தே "சார்! வணக்கம் சார்!" என்று கூப்பிடுவான். பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும். வானமாமலை பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார். சாருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று கோமதிநாயகம் முடிவு செய்து, மறுநாள் இன்னும் சத்தமாகக் கூப்பிடுவான்.

அறுபத்தைந்தாம் வருடம் பிறந்ததும் ஊரில் இந்தி எதிர்ப்புக் கலவரம். ரயில் எரிந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது என்று தினம் ஒரு செய்தி. ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர்கள், "என்ன பாபு, உங்க ஆட்களுக்கு இந்த நாடு வேண்டாமாமே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். சிரிப்புதான், ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஏதோ இவரே தீப்பெட்டி எடுத்துக்கொண்டு போய்க் கொளுத்திய மாதிரி, ஒவ்வொருவரிடமும் வானமாமலை மன்னிப்புக் கேட்காத குறையாகப் பேசினார். எனக்கும் கலவரத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். எங்கள் பக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நீட்டி நீட்டிச் சொன்னார்.

ஆகஸ்டில் காஷ்மீர் எல்லையில் சண்டை மூளும் என்று பேச்சு. தொழிற்சாலை முதலாளியான குஜராத்தி சேட்டுக்குத் திடீரென்று தேசபக்தி பொங்கியது. சுதந்திர தினத்தைப் பெரிதாகக் கொண்டாட வேண்டும், கொடிக்கு முன்னால் ஒவ்வொரு மாகாணத்து ஆட்களும் தங்கள் ஊர்க் கலை ஒன்றைக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். மராட்டியர்கள் ஜல்ஜல்லென்று லேசிம் குலுக்கி ஆடப் பழகினார்கள். பஞ்சாபிகள் பாங்க்ரா. குஜராத்திகள் கோலாட்டம். கேட்டுக்குப் பக்கத்தில் அட்டையில் நாலு சிங்கம் வெட்டி நிறுத்தினார்கள். எதிரே தேசியப் பறவையும் நின்றது. வரைந்தவன் மயிலைக் கிட்டத்தில் பார்த்ததில்லை போல, தோகை முளைத்த சேவல் மாதிரி இருந்தது.

மதராஸ் சார்பில் என்ன என்று சேட் கேட்டார். வானமாமலை, "பார்த்துச் சொல்கிறேன்" என்று நழுவினார். மத்தியானம் பெயின்ட் பிரிவு ஆட்கள் நாலு பேரும் அவர் மேஜைக்கு வந்து நின்றார்கள்.

"சார், நம்ம சார்பா என்ன செய்யணும், சொல்லுங்க. ஒயிலாட்டம் ஆட இந்தா நிக்கிற நம்ம பூலோகத்துக்குத் தெரியும். தப்பு அடிக்க எனக்குத் தெரியும்" என்றான் கோமதிநாயகம்.

ஆபீசே பார்த்துக்கொண்டிருந்தது. இவர்கள் கால்சட்டையை மடித்துவிட்டுச் சேட் முன்னால் தப்பு அடித்து ஆடுவதை வானமாமலை மனசுக்குள் ஒரு தடவை பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். கொடியைக் கம்பத்துல கட்டுற வேலை இருக்கு பாரு, அதைப் பாத்துக்கோங்க. அது போதும்" என்றார்.

எடுபிடி வேலையைக் கொடுத்து ஆட்களைத் துரத்திவிட்டதாக அவருக்கு நினைப்பு. கோமதிநாயகத்தால் நம்ப முடியவில்லை. "கொடியவா? எங்ககிட்டயா?" என்று இரண்டு தடவை கேட்டான். ஆமாம், போ என்றார் இவர்.

அவன் ஊரில் அம்மன் கோயில் திருவிழா கொடியேற்றத்தோடுதான் தொடங்கும். கொடிச்சீலையைத் தட்டில் வைத்து மேளத்தோடு வீதி சுற்றிக் கொண்டுவருவார்கள். அதைத் தொடுகிறவருக்கு ஊரே வழிவிடும். கோமதிநாயகத்தின் ஆட்களுக்கு அந்த வீதியில் கால் வைக்கவே அனுமதி இல்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்று, கம்பத்தின் உச்சி தெரிகிறதா என்று எட்டிப் பார்த்ததோடு சரி. இப்போது ஒரு கோயிலுக்கு இல்லை, தேசத்துக்கே உரிய கொடியை அவன் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் நம்மூர் சார் கொடுத்திருக்கிறார். தாராவிக்குப் போனதும் மனைவி பேராச்சியிடம் அதைத்தான் முதலில் சொன்னானாம்.

அன்றிலிருந்து வீட்டில் கருவாடு கிடையாது. கோமதிநாயகம் கையில் மஞ்சள் கயிறு கட்டிக் காப்புப் போட்டுக்கொண்டான், பீடியை விட்டான், பாயில் தனியாகப் படுத்தான். பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே குளித்துவிட்டுப் போய், கம்பத்தைக் கழுவி, மாவிலையும் தர்ப்பையும் கட்டினான். கொடி புத்தம்புதுக் கதர். புதுத்துணியை யாராவது அப்படியே எடுத்து உடுத்துவார்களா? பேராச்சி குழைத்துக் கொடுத்திருந்த மஞ்சளை நாலு மூலையிலும் தொட்டு வைத்தான், மேலே கொஞ்சம் குங்குமம். பூவை உள்ளே வைத்து மடித்து, கயிற்றில் ஏற்றிக் கட்டினான். பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஆகஸ்டு மாதத்து பம்பாய் மழைக்குச் சுதந்திர தினமெல்லாம் தெரியாது.

மழை நின்றதும் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். சேட் கயிற்றை இழுத்தார். பூ உதிர்ந்தது, கை தட்டினார்கள், கொடி விரிந்தது. தட்டிய கைகள் அப்படியே நின்றுவிட்டன. மடிப்புக்குள் புகுந்த மழைத்தண்ணீரில் மஞ்சளும் குங்குமமும் கரைந்து, வெள்ளைப் பட்டை முழுக்கத் திட்டுத்திட்டாக ஊறியிருந்தது. சக்கரத்துக்குக் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. கோமதிநாயகம் மட்டும் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தலைக்கு மேல் கை கூப்பி நின்றான்.

"மதராஸிகளின் வேலை" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ரயிலைக் கொளுத்தியது போதாது என்று கொடியை அசிங்கப்படுத்திவிட்டார்கள்" என்றது இன்னொரு குரல். கோமதிநாயகம் கண்ணைத் திறந்தான். என்ன நடந்தது என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், தெரிந்த இந்தியைக் கூட்டி, "சேட்ஜி... பூஜா... நயா கப்டா..." என்றான். பூஜை, புதுத்துணி என்பதோடு அவனுடைய இந்தி தீர்ந்துவிட்டது.

சேட் கெட்டவர் இல்லை. தன் புது லாரிக்குக் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்த பிறகே ரோட்டில் இறக்குகிறவர். அவர் வானமாமலையின் பக்கம் திரும்பினார்.

"என்ன பாபு இது? உங்கள் ஜனங்களின் பழக்கமா? பூஜை என்றால் பூஜை என்று சொல்லிவிடுங்கள், விஷயம் முடிந்தது."

ஒரு 'ஆமாம்' போதும். அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. எல்லோருடைய கண்ணும் வானமாமலையின் மேல். அவருக்கு இரண்டு பக்கமும் காலி இடம் இருந்தது. தாராவி ஆட்கள் நாலு பேரும் கம்பத்தடியில் நின்றார்கள். 'ஆமாம்' என்றால் தானும் அங்கே போய் அவர்களோடு நின்ற மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. இப்படித்தான் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"இல்லை சேட்ஜி" என்றார் நல்ல இந்தியில். "எங்களுக்குள் இப்படி ஒரு பழக்கமே கிடையாது. படிப்பில்லாத ஜனங்கள். தாராவி ஆட்கள்."

அவ்வளவுதான். பூஜை இல்லை என்றால் பிறகு அது என்ன? அவமானம். சேட்டின் முகம் மாறியது. கொடியை இறக்கச் சொன்னார், நாலு பேரையும் கேட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னார், கோமதிநாயகத்துக்கு நாளை முதல் வேலை இல்லை என்றார். பக்கத்துத் தொழிற்சாலையில் வேறு கொடி வாங்கி வந்து ஏற்றினார்கள். லேசிம் நடந்தது, பாங்க்ரா நடந்தது. "மதராஸ்!" என்று கூப்பிட்டபோது வானமாமலை எழுந்து, எங்கள் நிகழ்ச்சி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கூட்டம் கலைந்து இவர் வெளியே வந்தால், கேட்டுக்குப் பக்கத்தில் கோமதிநாயகம் நனைந்துகொண்டு நிற்கிறான். மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். திட்டப் போகிறான் என்று வானமாமலை நினைத்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாராம். அவன் கையைக் கட்டிக்கொண்டு கிட்டே வந்தான்.

"நீங்க நம்பி என் கையில குடுத்திய. நாலு பேருக்கு முன்னால உங்களத் தலகுனிய வச்சிட்டேன். மன்னிச்சிருங்க சார்."

வானமாமலை ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் தெரியாமத்தான் கேக்கேன் சார். உங்க பக்கம் புதுத்துணிக்கு மஞ்ச வைக்கிறதில்லியா? நம்ம சனம் எல்லாருக்கும் பொதுன்னுல்லா நெனச்சேன்."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் கேட்க வேறு யாரும் இல்லை, பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்ளவும் அவசியம் இல்லை. ஆனால் நாங்களும் வைப்போம் என்றால் உள்ளே சொன்னது பொய் என்று ஆகிவிடுமே.

"எங்க வழக்கத்துல கிடையாதுப்பா" என்றார்.

"அப்பம் தப்பு என் மேலதான்" என்றான் கோமதிநாயகம்.

மறுநாள் வானமாமலை சேட்டிடம் போய் அவனுக்காகப் பேசினார். என்ன பேசினார்? உண்மையைச் சொல்லவில்லை. அறியாதவன், இனி செய்ய மாட்டான், எனக்காக மன்னியுங்கள் என்றார். சேட்டும் இவருக்காக மன்னித்தார். ஆபீசில் இவருக்கு மதிப்பு கூடியது. தாராவியில் அதைவிடக் கூடியது. சார் இல்லாவிட்டால் குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும் என்று பேராச்சி அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இங்கேதான். காலை வாரிவிட்டவரே கைகொடுத்துத் தூக்கியவராகவும் பெயர் வாங்கிக்கொண்டார். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவருக்கு ஒரு நாளாவது தூக்கம் வந்ததா என்று கேட்காதீர்கள். வந்திருக்காது. ஆனாலும் வைத்துக்கொண்டார்.

அந்த வருடத் தீபாவளி அன்று காலையில் நான் அவர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் கோமதிநாயகமும் பேராச்சியும் நின்றார்கள். கையில் மிட்டாய்ப் பொட்டலம். இரண்டு பேருக்கும் புதுத்துணி, கஞ்சி மொடமொடப்புக்கூடப் போகவில்லை. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. "சாரைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போவோம்னு வந்தோம்" என்றான்.

வானமாமலையின் மனைவி பார்வதியம்மாள் நல்ல மனுஷி. பேராச்சியின் சேலையைத் தொட்டுப் பார்த்தவள், "என்னம்மா இது, புதுப்புடவை, நல்ல நாளும் அதுவுமா ஒரு பொட்டு மஞ்சள்கூட வைக்காமக் கட்டிக்கிட்டு வந்திருக்கே?" என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று உள்ளே போய் மஞ்சள் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள்.

பேராச்சி பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தாள். "வேண்டாம்மா. அது எங்க பட்டிக்காட்டுப் பழக்கம். உங்களுக்கெல்லாம் அப்படிக் கிடையாதாமே, சார்தான் சொன்னாக. நாங்க விட்டுட்டோம்."

"யார் சொன்னா?" பார்வதியம்மாள் சிரித்துவிட்டாள். "நல்லாச் சொன்னார் போ! எங்க வீட்டுல வைக்காம ஒரு நூல் உடுத்த மாட்டோம். இதோ பாரு" என்று, நாற்காலியில் உட்கார்ந்திருந்த புருஷனின் சட்டைக் காலரைத் திருப்பிக் காட்டினாள். உள்பக்கத்தில் மஞ்சள் பளிச்சென்று இருந்தது.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை. வானமாமலை அசையவில்லை. காலர் அவள் கையில் திரும்பியபடியே இருந்தது. கோமதிநாயகம் அதைப் பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான்.

அவர் அவமானப்படுவதைத் தான் பார்க்கக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ, கோமதிநாயகம்தான் முதலில் தலையைக் குனிந்துகொண்டான்.