இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு

செய்தி வந்தபோது மாலை நாலரை மணி. டீச்சர் அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி, ஹாலில் கிடந்த கம்பிகளைப் பழக்கத்தால் குனிந்து பார்க்காமலே தாண்டி, சமையலறையில் பாலை அடுப்பில் வைத்திருந்தாள். போன் அடித்தது. பழைய சாமான் கடை என்று திரையில் தெரிந்தது.

அந்தக் கடையிலிருந்து போன் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு வண்டி கிளம்பிவிட்டது, வண்டியில் ஒரு பெட்டி இருக்கிறது, குழந்தையை அணைத்தபடி உட்கார்வதுபோல் அதை அணைத்துக்கொண்டு கணவர் உட்கார்ந்திருக்கிறார், வீட்டில் இடம் பண்ணி வைக்க வேண்டும். இதை நேரடியாகச் சொல்ல அவருக்குத் தைரியம் போதாது. கடைக்காரரை விட்டுச் சொல்லச் சொல்வார்.

ஆகவே டீச்சர் ஹலோ கூடச் சொல்லவில்லை.

"இன்னொரு பெட்டியா? வேண்டாம்னு சொல்லுங்க. வீட்டுல எறும்பு நுழைய இடமில்ல. இனிமே ஒரு பெட்டி வந்துச்சுன்னா, ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். அவர்கிட்டயே போனைக் குடுங்க, நானே சொல்றேன்."

"பெட்டி இல்லம்மா," என்றார் கடைக்காரர். "சார் கடையில நின்னு பேசிக்கிட்டுதான் இருந்தாரு. திடீர்னு அப்படியே உக்காந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம்..."

பால் பொங்கி வழிந்து, அடுப்பைத் தானே அணைத்துக்கொண்டது.

இறந்துபோனவரை அந்தத் தெருவில் ஹம் சார் என்றால்தான் தெரியும். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு மெல்லிய முனகல் ஓடும். அதற்கு ஹம் என்று பெயர். அதைக் கண்டுபிடித்து ஒழிப்பதற்காகவே பிறவி எடுத்தவர்போல் அவர் வாழ்ந்தார். குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை. குழாய் உடைந்தது, தண்ணீர் வரவில்லை என்று மேஜைக்கு முன்னால் நின்று கத்திய பொதுமக்களின் குரல் அவர் காதில் விழுந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் மூன்றாவது அறையில் ஓடும் டியூப்லைட்டின் முனகல் அவருக்குக் கேட்கும். "யாராவது அந்தச் சோக்கை மாத்துங்களேன், மனுஷன் எப்படி வேலை பாக்கறது?" என்பார். அவர் ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் எல்லோரும் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். டியூப்லைட்டுகளை இனி யார் கவனிப்பார்கள்?

வீட்டின் ஹால் அவருடையது. பீரோ உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் இரு மூலைகளில் நின்றன. அவற்றுக்கு நடுவே அலமாரியில் வால்வு ஆம்ப்ளிஃபயர்கள், டேப் டெக்குகள், முகப்புக் கழன்ற ரேடியோக்கள். எது பாடும் நிலையில் இருந்தாலும் அதற்குப் பக்கத்தில் ஒன்று வயிற்றைத் திறந்துகொண்டு படுத்திருக்கும். எதிரே ஒரே ஒரு நாற்காலி. அதன் நான்கு கால்களைச் சுற்றியும் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தார். ஒரு விரற்கடை நகர்ந்தால் இரண்டு பக்கச் சத்தமும் சரியாக வந்து சேராதாம். தரையைத் துடைக்கும்போது நாற்காலியைத் துடைக்கலாம், நகர்த்தக் கூடாது. சோபா எப்போதோ மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிட்டது. விருந்தாளிகள் படுக்கையறையில் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப்போல் பேசிவிட்டுப் போவார்கள்.

அவர்களுடைய மகள் நடக்கக் கற்றதே கம்பிகளுக்கு நடுவில்தான். ஓடக் கற்றது தெருவில். வீட்டுக்குள் ஓடினால் ரெக்கார்டின்மேல் முள் குதிக்கும். பாட்டு ஓடும்போது குடும்பமே திருட வந்தவர்களைப்போல் குதிகாலைத் தூக்கி நடந்தது. மிக்ஸி போடக் கூடாது. ஃப்ரிட்ஜை அணைத்துவிட வேண்டும், அது மின்சாரத்தை அழுக்காக்குகிறது. அணைத்ததை மறுபடி போட அவருக்கு ஒருநாளும் நினைவு வந்ததில்லை. அந்த வீட்டில் சுத்தமான மின்சாரத்துக்காகக் கெட்டுப்போன பாலில் ஒரு குளம் வெட்டலாம்.

இவ்வளவும் செய்து அந்த வீட்டில் ஒரு பாட்டாவது முழுசாக ஓடியதா என்றால், இல்லை. முள்ளை வைப்பார். நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து கண்ணை மூடுவார். முகத்தில் ஒரு நிம்மதி படரும். பல்லவி முடிந்து சரணம் தொடங்கும்போது புருவம் சுருங்கும். ஒரு கண் திறக்கும்.

"ஏங்க, நல்லாத்தானே இருக்கு?" என்பாள் டீச்சர், சமையலறை வாசலிலிருந்து.

"ஒரு ஹம் கேக்குது, உனக்குக் கேக்கல?"

"எனக்குப் பாட்டு கேட்டுச்சு."

"அஞ்சே நிமிஷம்," என்று சொல்லி எழுந்து முள்ளைத் தூக்குவார். ஸ்க்ரூ டிரைவர் வெளியே வரும். அந்த அஞ்சு நிமிஷத்தில் மகள் பள்ளிப் படிப்பை முடித்தாள், கல்லூரிக்குப் போனாள், வேலைக்குச் சேர்ந்து வேறு ஊரில் குடியேறினாள். பாட்டுகளின் முதல் பாதியை மட்டும் தெரிந்த ஒரே குடும்பம் உலகத்தில் தாங்கள்தான் என்று அவள் தோழிகளிடம் சொல்லிக்கொள்வாள்.

டீச்சருக்கு இதில் ஒரு சொந்த வழக்கு இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு, முதல் சம்பளத்தில் அவள் ஒரு ரெக்கார்டு வாங்கினாள். சின்னக் கம்பெனி வெளியிட்டது. பாடிய பெண் அந்த ஒன்றோடு பாடுவதையே விட்டுவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டாள். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டைக் கடையில் போட்டுக் காட்டினார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கடைக்காரர் பாதியில் முள்ளைத் தூக்கி, ரெக்கார்டை உறையில் போட்டு, "மீதியை வீட்டுல கேட்டுக்கோங்க" என்று நீட்டிவிட்டார். வீட்டில் பிளேயர் இல்லை. கொஞ்ச நாளில் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளையிடம் ரெக்கார்டு பிளேயர் இருக்கிறது என்றார்கள். உடனே சரி என்றாள். வேலை செய்கிறதா என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

கடைசிப் பாட்டில் நேராக முள்ளை வைக்கச் சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். "முதல்லேர்ந்து கேக்கணும். நடுவுல வெக்கறது, தூங்கறவனை உதைச்சு எழுப்பற மாதிரி." முதலிலிருந்து தொடங்குவார். இரண்டாவது பாட்டை எட்டுவதற்குள் ஹம் வந்துவிடும். ஒருமுறை, அவருடைய ஞாயிற்றுக்கிழமை நண்பரான பல் டாக்டர் வீட்டுப் பிளேயரில் கேட்டுவிட்டு வரட்டுமா என்று டீச்சர் கேட்டாள்.

"அந்த ஆள் பிளேயர்லயா? அவன் முள்ளு முள்ளா அது? ஏர் கலப்பை! உழுதுடுவான்."

பிறகு அவள் கேட்கவில்லை. சமையலறையில் கைக்கடக்கமான ஒரு ரேடியோ வைத்திருந்தாள். தினமும் பாடியது. பழுதானதே இல்லை. அந்த வீட்டில் அவர் கை படாத ஒரே பெட்டி அதுதான்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், மகள் மட்டும் தங்கியிருந்த ஒரு மத்தியானம் பழைய சாமான் கடைக்காரர் வந்தார். வாசலிலேயே நின்று, சட்டைப்பையிலிருந்து நகத்தளவு பிளாஸ்டிக் பாக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"சார் கையில இருந்துச்சும்மா. ஸ்பீக்கர் கம்பி மாட்டற கிளிப். அன்னிக்கு இதுக்குத்தான் வந்தாரு. எடது பக்கம் மட்டும்தான் பாக்கி, இன்னிக்கு டீச்சரோட பாட்டு முழுசா ஓடிடும்னாரு."

"வேற எதுவும் பாக்கலையா அவர்?"

"நான் காமிச்சேன். அருமையான பெட்டி ஒண்ணு, அன்னிக்குத்தான் வந்து எறங்குச்சு. வேண்டாம்னுட்டாரு. வீட்டுல இடமில்ல, அவ திட்டுவான்னாரு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு."

டீச்சர் பாக்கெட்டை வாங்கி வேலை மேஜைமேல் வைத்தாள். போனில் தான் பேசியது அவளுக்கு வரி தவறாமல் நினைவிருந்தது. கடைக்காரருக்கும் நினைவிருந்திருக்கும். இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரும் கண்ணாடிக் கடைக்காரரும் துக்கம் விசாரிக்க இரண்டாம் முறையாக வந்தார்கள். ஞாயிறுதோறும் ஹம் சாரோடு உட்கார்ந்து ஹம் கேட்டவர்கள். வாய் ஆறுதல் சொன்னது. கண் நான்கும் வால்வு ஆம்ப்ளிஃபயரின்மேல் இருந்தன.

"இதையெல்லாம் பாத்துப் பாத்து உங்களுக்கு மனசு கஷ்டப்படும் டீச்சர்," என்றார் பல் டாக்டர். "எங்க வீட்டுல பத்திரமா இருக்கும்."

"உங்க வீட்டுல ஈரம்யா," என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "என் வீடுதான் சரி."

"அம்மா, அப்பாவைப் பாக்க வந்தாங்களா, ஆம்ப்ளிஃபயரைப் பொண்ணு பாக்க வந்தாங்களா?" என்று மகள் காதோடு கேட்டாள்.

டீச்சர் உள்ளே போய் ரெக்கார்டை எடுத்துவந்தாள். "எதை வேணா அப்புறம் பேசலாம். முதல்ல இதோட ரெண்டாம் பக்கத்தை முழுசாப் போடுங்க. எனக்குக் கடைசிப் பாட்டு கேக்கணும்."

இருவரும் எழுந்தார்கள். எதை முதலில் போடுவது என்பதிலேயே தகராறு. பிளேயருக்கு அப்புறம்தான் ஆம்ப்ளிஃபயர் என்றார் ஒருவர். இல்லை, வால்வு முதலில் சூடேற வேண்டும் என்றார் மற்றவர். இடது ஸ்பீக்கரின் கம்பி கழன்று தொங்கியது. "பரவால்ல, ஒரு பக்கம் கேட்டாப் போதும்," என்றாள் டீச்சர். பெண்ணின் குரல் வலது மூலையிலிருந்து எழுந்தது. முதல் பாட்டின் பல்லவி முடிந்தது. சரணம்.

பல் டாக்டர் கையைத் தூக்கினார். "ஒரு நிமிஷம். ஒரு ஹம் கேக்குதில்ல?"

"கேக்குது, கேக்குது. எர்த் கம்பியாத்தான் இருக்கும்."

"என்னய்யா எர்த்து? கண்டென்சர் போயிருக்கு."

முள் தூக்கப்பட்டது. இருவரும் அலமாரிக்குப் பின்னால் தலையை நுழைத்தார்கள். "டீச்சர், அந்த ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் அணைக்கறீங்களா? அஞ்சே நிமிஷம்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

டீச்சர் ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பவில்லை. கடைசி பெஞ்சுப் பையன்களுக்காகவே வைத்திருந்த குரலை எடுத்தாள்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க."

"டீச்சர், ஹம்மு..."

"ஃப்ரிட்ஜும் ஓடட்டும், ஹம்மும் ஓடட்டும். வெளிய."

போனார்கள். ஒருவர் எம்.டி.எஸ். படித்தவர், மற்றவர் கடைக்கு இரண்டு கிளைகள் இருந்தன. வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார்கள். மகள் முள்ளை இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்திலேயே வைத்தாள். டீச்சர் சாக்பீஸ் வட்டங்களுக்கு நடுவிலிருந்த நாற்காலியில் முதன்முறையாக உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில், அலமாரியை ஒட்டி, சமையலறை வாசல் தெரிந்தது. இத்தனை வருடம் தான் நின்ற இடம். ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார்.

முதல் பாட்டு மழைபோல் கரகரத்தது, எத்தனையோ முறை முள் ஓடித் தேய்ந்த இடம். அந்தப் பாட்டின் நடுவிலேயே கரகரப்பு சட்டென்று நின்றுவிட்டது. அதற்கப்புறம் ரெக்கார்டு, கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்ததுபோலப் புத்தம் புதிதாக இருந்தது. வீட்டில் முள் அந்த இடத்தைத் தாண்டிப் போனதே இல்லை.

கடைசிப் பாட்டு வந்தது. ரெக்கார்டு வாங்கிய அன்று கடைக்காரர் முள்ளைத் தூக்கிய இடம் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. டீச்சர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு அந்த இடத்தைத் தாண்டியது. ஒரு சரணம், இன்னொரு சரணம். பிறகு அந்தப் பெண் பல்லவியையே மறுபடி பாடி முடித்தாள். அவ்வளவுதான். அது டீச்சருக்கு முன்பே தெரிந்த பகுதி.

பாட்டு முடிந்தும் ரெக்கார்டு சுற்றிக்கொண்டே இருந்தது. டக், டக் என்று நடுவில் முள் தட்டியது.

"அம்மா, இதை எப்படிம்மா நிறுத்தறது?"

"யாருக்குத் தெரியும்? நம்ம வீட்டுல யாரும் இவ்வளவு தூரம் வந்ததில்லையே."

மகள் சிரித்தாள். டீச்சரும் சிரித்தாள், பிறகு சிரிப்பு அழுகையாக மாறியபோது மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். டக், டக் ஓடியது. அதற்கு அடியில் அந்த முனகல். இப்போது டீச்சருக்கும் அது கேட்டது.

பல் டாக்டர் வாசலிலிருந்து மெல்லத் தலையை நீட்டினார். "வயலின் எப்படி டீச்சர்?"

"எந்த வயலின்?"

"அந்தக் காலத்து ரெக்கார்டுல குரலை ஒரு பக்கம், வாத்தியத்தை ஒரு பக்கம்னு பிரிச்சிருப்பாங்க. எடது பக்கம் பூரா வயலினா இருக்கும். நான் வேணா அந்தக் கிளிப்பை மாட்டித் தரட்டுமா? அஞ்சு நிமிஷ வேலைதான்."

இந்த மனிதர்களின் அஞ்சு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று டீச்சருக்குத் தெரியும்.

"இருக்கட்டும் டாக்டர். உள்ள வாங்க, டீ போடறேன்."

ஆம்ப்ளிஃபயர் அந்த வீட்டிலேயே இருக்கிறது. இடது ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியின் இரண்டு முனைகளையும் ஹம் சார் அன்றே முறுக்கி, ஈயம் பூசித் தயாராக வைத்திருக்கிறார். கிளிப் இன்னும் பாக்கெட்டைவிட்டு வெளியே வரவில்லை.