மைன்ஸ் குட்டையில் வளர்பிறை

கொளஞ்சி வாழ்க்கைப்பட்டு வந்த ஊரில் ஆறு கிடையாது. சொல்லிக்கொள்கிற மாதிரி ஏரியும் கிடையாது. அரியலூருக்குத் தெற்கே, சிமெண்ட் லாரிகள் புழுதி கிளப்பிப் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். அவள் வந்த புதிதில் ஊருக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மதியத்தில் சங்கு ஊதும். கொஞ்ச நேரத்தில் தரை அதிரும். அடுப்படியில் கவிழ்த்து வைத்த பாத்திரங்கள் கலகலக்கும். அவள் புருசன் முத்துவேல் அங்கேதான் வெடி வைக்கிறவர்களுக்குக் கையாளாக இருந்தான்.

கல் தீர்ந்ததும் கம்பெனிக்காரர்கள் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளம் மட்டும் மிச்சம். மழைத் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் சேர்ந்து, செங்குத்தான கல்சுவர்களுக்கு நடுவே பச்சை நிறத்தில் பெரிய குட்டையாக நின்றது. மைன்ஸ் குட்டை என்று பெயரும் ஆயிற்று. யாரோ கட்லா, ரோகு குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஜிலேபிக் கெண்டை தானாகப் பெருகியது. வேலை போன முத்துவேல் தெர்மாகோல் அட்டைகளை உரச்சாக்கில் வைத்துத் தைத்து மிதவை செய்தான். நைலான் நரம்பில் பின்னிய தங்கூசி வலை ஒன்று வாங்கினான். பொழுது சாயும் நேரத்தில் வலையை விட்டு வருவான். விடிந்ததும் எடுப்பான். கொளஞ்சி மீனை அன்னக்கூடையில் போட்டு ஈரச்சாக்கால் மூடி, தெருத்தெருவாக விற்றுவிட்டு வருவாள். கூலி வேலைக்கே பிறந்த குடும்பம் அது. சொந்தமாக ஒரு தொழில் கிடைத்ததில் முத்துவேலுக்குக் கொஞ்சம் மிதப்பும் இருந்தது.

அந்தக் குட்டைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு. அதுதான் வினையாகப் போயிற்று. இருட்டு வாரத்தில் மீனுக்கு வலை தெரியாது, வந்து மாட்டிக்கொள்ளும். வலையை இழுக்க இரண்டு பேர் வேண்டியிருக்கும். பிறை வளர வளர மீன் குறையும். பௌர்ணமியை ஒட்டி நிலா வெளிச்சம் தண்ணீருக்குள் ஆள் ஆழத்துக்கு இறங்கும்போது, வலை ஒவ்வொரு கண்ணாக மின்னும். மீன் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும், இல்லாவிட்டால் அடியில் இறங்கிப் படுத்துவிடும். காலையில் வலையில் பாசியும் ரெண்டு ஜிலேபியும் இருக்கும்.

அதே நிலா கடல் பக்கத்தில் வேறு மாதிரி வேலை செய்தது. அதைச் சொன்னவர் சவரிராஜ். ஏலாக்குறிச்சிக்காரர், லோடு ஆட்டோவில் பழையாறு துறைமுகத்துக்குப் போய்க் கடல் மீன் எடுத்து வந்து இந்தப் பக்கத்து ஊர்களில் போடுகிறவர்.

"பௌர்ணமி, அமாவாசைன்னா அங்க கடல் பெருசா ஏறும், பெருசா வத்தும் தங்கச்சி. தண்ணி ஏறயில மடவை மீனும் எறாலும் ஆத்து வாயில உள்ள வந்துரும். வத்தயில வலையைக் கட்டி அள்ளிருவாங்க. ஒங்க குட்டையிலதான் தண்ணி ஏறவும் மாட்டேங்குது, எறங்கவும் மாட்டேங்குது. ஒங்களுக்கு நெலா வெறும் வெளக்கு."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கொளஞ்சிக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கூடை காலியாக இருக்கிற பௌர்ணமி வாரத்தில் அவர் வண்டி நிரம்பி வருகிறது என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. அந்த வாரங்களில் வாடிக்கைக்காரர்கள் கடல் மீனுக்குத் திரும்பிவிடுவார்கள். மறுபடி இருட்டு வந்து அவள் கூடையோடு போனால், "இப்பதாம்மா கடல் மீன் எடுத்தோம்" என்பார்கள்.

முத்துவேலால் சும்மா இருக்க முடியாது. வலை வெறுமையாக வந்த நாளில் அவன் யாரோடும் பேசமாட்டான். சாப்பிடும்போது தட்டை நகர்த்துகிற சத்தத்திலேயே கோபம் தெரியும். அந்தக் கார்த்திகைக்கு முந்தைய வளர்பிறையில் திடீரென்று அவன் முகம் தெளிந்தது. கொள்ளிடத்தில் சிநேகிதக்காரன் ஒருவனோடு சேர்ந்து வலை போடுவதாகச் சொன்னான். கூடை நிறைய மீன் கொண்டு வந்தான். கொளஞ்சியும் நம்பினாள். நம்பாமல் இருக்க அப்போது அவளுக்குக் காரணம் இல்லை.

காரணத்தை எடுத்துக் காட்டியது லீலாவதி அக்கா. மளிகைக்கடை வீட்டம்மா, வெகுநாள் வாடிக்கை. வாசலில் உட்கார்ந்து கொளஞ்சி கட்லாவின் வயிற்றைக் கீறியதும் அந்தம்மா முகம் சுளித்தாள்.

"ஏண்டி, உள்ளாற எல்லாம் ரத்தம் கட்டிக் கெடக்கு? போன வாட்டியும் கொழம்புல போட்டதும் கரைஞ்சு போச்சு."

கொளஞ்சி குனிந்து பார்த்தாள். வலையில் மாட்டிய மீனுக்குச் செவுளில் நூல் அறுத்த தடம் இருக்கும். இதில் ஒரு தடமும் இல்லை. வயிற்றுக்குள் காற்றுப்பை கிழிந்து தொங்கியது. நடுமுள் ஒடிந்திருந்தது. கத்தியை வைத்துவிட்டு இன்னொரு மீனை எடுத்துக் கீறினாள். அதுவும் அப்படித்தான். "வேற நாளைக்குத் தரேங்க்கா" என்று சொல்லி மீனைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். நேராகக் குட்டைக்குத்தான் போனாள். தண்ணீர் ஓரமெங்கும் விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள் வெள்ளை வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்தன. காக்காய்கள் கொத்திக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து அவள் சுற்றி வளைக்கவில்லை.

"குட்டையில வெடித் தோட்டா போட்டியா?"

முத்துவேல் பீடியை அணைத்தான். "ஆமா, போட்டேன். சக்தி குடுத்தான். என்னா இப்ப?" சக்தி அவனோடு அந்தக் காலத்தில் வெடி வேலை பார்த்தவன். இப்போது வேறொரு குவாரியில் இருந்தான்.

"குஞ்செல்லாம் செத்துக் கெடக்குது. இருட்டு வந்தா என்னாத்த புடிப்ப? ஒனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

"இருவது வருசம் அதுலதான் கெடந்தேன். எனக்கு நீ சொல்லிக் குடுக்கிறியா? நெலா தேயற வரைக்கும் வாயைப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருக்கச் சொல்றியா?"

அவள் அழுதாள், சண்டை போட்டாள், சமைக்காமல் கிடந்தாள். கடைசியில் அவன், "சரி புள்ள, இனிமே இல்ல" என்றான். அந்த வார்த்தையைக் காப்பாற்றுவதற்கு அவனுக்கு ஒரு வழி செய்து தரவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் அவளும் குட்டைக்குப் போக ஆரம்பித்தாள். மிதவையில் பெண்பிள்ளை ஏறுவதா என்று ஊரில் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டாள்.

பௌர்ணமிக்கு முந்தின சாயங்காலம் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நிலா கிழக்கே எழும்பும்போது கிழக்குக் கல்சுவரின் நிழல் தண்ணீரில் அகலமாக விழுந்தது. வெளிச்சம் விழுந்த பக்கம் ஒரு சலனமும் இல்லை. நிழல் விழுந்த பக்கத்தில் மீன் துள்ளியது. மறுநாள் வலையைச் சுவரை ஒட்டி அந்த நிழலுக்குள் விடச் சொன்னாள். முத்துவேல் முனகிக்கொண்டே விட்டான். காலையில் அரைக்கூடைக்கு மீன் இருந்தது. இருட்டு வாரத்து மீனுக்குப் பக்கத்தில் வராது. ஆனால் வெறும் பாசி இல்லை.

"ஒம் புத்திய பாரேன்" என்றான் அவன். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளைப் பாராட்டிச் சொன்ன ஒன்றிரண்டு பேச்சுகளில் அதுவும் ஒன்று. அவளுக்கு அது போதுமாக இருந்தது. அவனுக்கு அந்த அரைக்கூடை போதவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மாசி மாத வளர்பிறையில் ஒரு சாயங்காலம், கொளஞ்சி தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது கிழக்கே சத்தம் கேட்டது. பழைய நாட்களில் கேட்ட அதே சத்தம், கொஞ்சம் சின்னதாக. குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். குட்டைக்குள் லாரி இறங்கிய பழைய சரிவில், பாதி வழியில் சக்தி எதிரே ஓடி வந்தான். அவளைப் பார்த்து நிற்காமல் கடந்து போனான். கீழே தண்ணீரோரத்தில் முத்துவேல் உட்கார்ந்திருந்தான். வலது கையை மடியில் வைத்திருந்தான். பக்கத்தில் போன பிறகுதான் மணிக்கட்டுக்குக் கீழே கை இல்லை என்பது தெரிந்தது. தண்ணீரில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தன.

முந்தானையைக் கிழித்து இறுகக் கட்டினாள். தோளில் சாய்த்து மேலே ஏற்றினாள். எப்படி ஏற்றினாள் என்று பின்னால் கேட்டவர்களுக்கு அவளால் சொல்ல முடிந்ததில்லை. யாரோ போன் போட்டு ஆம்புலன்ஸ் வந்தது. வண்டிக்குள் அவன் கண்ணை மூடியபடி எதையோ முணுமுணுத்தான். காதைக் கொண்டுபோய் வைத்தாள்.

"கொட்டாயில... வலைக்கு அடியில... மீதி இருக்கு. பாத்து..."

வீட்டை ஒட்டின கொட்டகையில்தான் விறகு அடுப்பு. விளக்கு வைத்ததும் மகள் பிரவீணா அங்கே உலை வைப்பாள். நர்சிங் படிக்கிற பெண். கல்லூரியிலிருந்து வந்ததும் அவள்தான் சோறாக்குவாள். கொளஞ்சி அவளுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மணிமொழிக்குப் போட்டாள்.

"மணிமொழி, ஓடு! எம் மவளை வூட்டை விட்டு வெளிய இழுத்துப் போடு. அடுப்புல தண்ணியை ஊத்து. ஏன்னு கேக்காத, ஓடு!"

போனை அணைக்காமல் காதில் வைத்திருந்தாள். மூச்சு வாங்கும் சத்தம், நாய் குரைக்கும் சத்தம், கதவு அடிபடும் சத்தம். கடைசியில் பிரவீணாவின் குரல். "என்னாம்மா? இப்பதான் அடுப்பைப் பத்த வச்சேன். என்னா ஆச்சு?" கொளஞ்சி வாயில் துணியை வைத்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் பையன் திரும்பிப் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் முத்துவேலை உள்ளே கொண்டு போனார்கள். அதற்குள் சக்தி போனில் வந்துவிட்டான். "அண்ணி, தீவாளி வெடின்னு சொல்லிருங்க. பழசு கெடந்துச்சு, கையில வெடிச்சிருச்சுன்னு. அண்ணனுக்கும் கேசு ஆவாது, எனக்கும் ஆவாது. வூட்ல இருக்கிறதை நான் ரெண்டு நாள்ல ஆளை விட்டு எடுத்துக்கறேன்."

"ரெண்டு நாளா?" என்றாள் கொளஞ்சி.

"போலீஸ் சுத்திக்கிட்டு இருக்கும்ல அண்ணி."

அவள் போனை வைத்துவிட்டாள். போலீஸ்காரர் வந்து என்ன நடந்தது என்று கேட்டபோது, அவள் நேர்மையைப் பற்றியெல்லாம் நினைக்கவில்லை. தெருவில் நிற்கிற மகளும், ஒட்டி ஒட்டி இருக்கிற வீடுகளும்தான் கண்ணில் நின்றன. "சார், எல்லாத்தையும் சொல்றேன். மொதல்ல எங்க வூட்டுக்கு ஆள் அனுப்புங்க" என்றாள்.

போலீஸ்காரர்கள் அந்தத் தெருவையே காலி செய்துவிட்டுத்தான் மீதித் தோட்டாக்களை எடுத்தார்கள். மறுநாள் சக்தியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முத்துவேல் பேரிலும் வழக்குப் போட்டார்கள். காயம் ஆறியதும் ஜாமீனில் வீட்டுக்கு வந்தான். சக்தியின் பெண்டாட்டி வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். "புருசனைக் காட்டிக் குடுத்தவ, எங் குடியையும் கெடுத்தா" என்றாள். காப்பாற்றப்பட்ட தெருக்காரர்களிலேயே பாதிப் பேர் அந்தப் பேச்சை ஒத்துக்கொண்ட மாதிரிதான் நடந்துகொண்டார்கள். மணிமொழி மட்டும் எப்போதும் போல வந்து போனாள்.

முத்துவேல் கொளஞ்சியோடு பேசுவதை நிறுத்திவிட்டான். சோறு பிசைந்து ஊட்டினால் வாங்கிக்கொள்வான். சட்டை மாட்டிவிட்டால் நிற்பான். கண்ணை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொள்வான். எதுவானாலும் மகளிடம்தான் சொல்வான்.

குட்டையில் இருட்டு வாரத்திலும் மீன் விழவில்லை. பெரியது போனது போக, வளரவேண்டிய குஞ்சுகளும் போயிருந்தன. சவரிராஜிடம் கேட்டாள். "பௌர்ணமிக்கு நீங்க எடுத்தாற மீன்ல எனக்கும் ஒரு கூடை குடுங்கண்ணே." அவர் உடனே சரி என்றார். நிலா வாரங்களில் கடல் மீன் விற்றாள். மற்ற நாட்களில் பொழுது சாய மிதவையில் தனியாகப் போய் வலையை விட்டாள். கிடைத்த பொடி மீனைத் திரும்பத் தண்ணீரில் போட்டாள். ஆடிக்குப் பிறகு மழை பிடித்தது. புரட்டாசி இருட்டில் ஒரு விடியற்காலை வலை கொஞ்சம் கனத்தது. தூக்க மாட்டாத கனம் இல்லை. மிதவையிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு மீனின் செவுளிலும் நூல் தடம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள்.

அன்றைக்கு அரியலூர் கோர்ட்டில் வாய்தா. மீனை மணிமொழியிடம் விற்கக் கொடுத்துவிட்டு, முத்துவேலுக்கு வெள்ளைச் சட்டை மாட்டி, சட்டைக்கையின் காலி நுனியை மடித்து ஊக்கு குத்தினாள். பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் ஜன்னல் பக்கம் அவனை உட்கார வைத்தாள். சிமெண்ட் லாரிகள் வரிசையாக எதிரே வந்தன. பஸ் மெதுவாகப் போயிற்று. அவன் வெளியே பார்த்துக்கொண்டே பேசினான். எவ்வளவோ மாதங்களுக்குப் பிறகு அவளிடம் சொன்ன முதல் பேச்சு.

"தீவாளி வெடின்னு சொல்லியிருக்கலாம் நீ."

"சொல்லியிருக்கலாம்" என்றாள் கொளஞ்சி.

"சக்தி வந்து எடுத்துட்டுப் போயிருப்பான்."

"அதுக்குள்ள நம்ம மவ ரெண்டு வேளை அடுப்பு மூட்டியிருப்பா."

அவன் மடித்த சட்டைக்கையை இன்னொரு கையால் நீவிவிட்டுக்கொண்டான். மன்னித்துவிட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை. தான் அவனை மன்னித்துவிட்டோமா என்பதும் தெரியவில்லை. கோர்ட் ஸ்டாப் வந்தது. அவள் முதலில் இறங்கி, அவன் படியில் தடுமாறாமல் இருக்கத் தோளைக் கொடுத்தாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.