மைக்கைப் பறிகொடுத்த ஹெல்வி

"கீழ்க்கட்டளை ஒண்ணு" என்று ழகரம் வழுக்காமல் கேட்பாள் ஹெல்வி. கண்டக்டர், "எங்க மேடம்?" என்பார். இன்னும் அழுத்திச் சொல்வாள். "ஓ, கீக்கட்டளையா! அத்த சொல்லக்கூடாதா?" என்று சீட்டைக் கிழிப்பார். தாம்பரத்திலிருந்து போகும் பேருந்தில் வாரம் ஐந்து நாளும் இந்த வழக்கு நடக்கும். இருவரும் விட்டுக்கொடுத்ததில்லை.

பின்லாந்துக்காரி. தமிழ் படிக்கவென்றே 2006இல் வந்து இறங்கியவள். காலையில் தாம்பரத்தில் வகுப்பு. மதியம் கீழ்க்கட்டளையில், ஓர் அறக்கட்டளை நடத்தும் இலவசக் கண் ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாத வேலை. மைக்கில் நோயாளிகளின் பெயரைக் கூப்பிட வேண்டும். வகுப்பில் வாங்கும் மதிப்பெண் அவளுக்குப் பெரிதில்லை. கூப்பிட்ட பெயருக்கு ஓர் ஆள் எழுந்து வந்தால்தான் தனக்குத் தமிழ் வந்ததாக நம்புவாள்.

அந்த மைக்கைப் பறிகொடுத்த கதைதான் கொடுமை. அறுவை முடிந்து அப்பாதுரையின் கண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். அதைச் சொல்ல நினைத்து, "அப்பாதுரை கண்ணை மூடிட்டாரு. குடும்பத்தார் உள்ளே வரவும்" என்று அறிவித்துவிட்டாள். அவர் மனைவி பேபி தரையில் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டார். அப்பாதுரை கட்டோடு நடந்து வந்து, "இன்னாடி பேபி, நான் குத்துக்கல்லாட்டம் கீறேன், யாருக்கு அழுதுகினு கீற?" என்றார். நிர்வாகி ஜெயசீலி அன்றே மைக்கை வாங்கிக்கொண்டார். "உனக்குத் தமிழ் வர்ற வரைக்கும் பிளாஸ்திரி ஒட்டும்மா, போதும்." அறுவை செய்யவேண்டிய கண்ணுக்கு மேலே அடையாளத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி அது. ஹெல்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் வேலைக்கு வருவதை நிறுத்தவில்லை.

அடுத்த அறுவை நாள். அவசரத்தில் ஜெயசீலி, "அபிதா! குஜாம்பாள்!" என்று ஒரே பெயரை இரண்டு ஆளாக்கிக் கூப்பிட்டார். ஒருத்தரும் எழவில்லை. மூன்று தடவை கூப்பிட்டும் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் நாலு மாதத்துக்கு இடமில்லை. மூன்றாம் தடவையும் கூப்பிட்டாயிற்று. ஜெயசீலி பேனாவின் மூடியைக் கழற்றினார்.

பின்லாந்து மொழியில் சொற்கள் ரயில் மாதிரி நீளும். நீளப் பெயர் என்றால் ஹெல்விக்கு அல்வா. பிளாஸ்திரியைக் கீழே போட்டுவிட்டு நாற்காலிமேல் ஏறி நின்றாள். "அபிதகுஜாம்பாள்!" என்று கூடமே அதிரக் கத்தினாள். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

கடைசி வரிசையில் பொழிச்சலூர்க்கார அம்மாள் ஒருவர் சுவரைத் தடவிக்கொண்டு எழுந்தார். "நான்தாம்மா அது. அபிதான்னதும் யாரோ சின்னப் பொண்ணுன்னு நெனச்சு உக்காந்துட்டேன்."

கூடம் கைதட்டியது. கணவரை மறுபரிசோதனைக்கு அழைத்து வந்திருந்த பேபிதான் எல்லாரையும் மிஞ்சிக் குரல் கொடுத்தார். "மைக்க அந்தப் பொண்ணாண்ட குடுக்கா! எம் புருசன சாவடிச்சாலும், பேர மட்டும் கரீட்டா கூப்புட்ச்சு!"

ஜெயசீலி முந்தானையால் மைக்கைத் துடைத்து, நாற்காலிமேல் நின்றவளுக்கு எட்டும்படி உயர்த்திப் பிடித்தார்.