அக்கா வீட்டுக் காற்றாடி சுவிட்ச்

கூரையில் தொங்கும் மின்காற்றாடியின் சுவிட்ச், மின்சாரம் உள்ளே வரும் கம்பியைத்தான் துண்டிக்க வேண்டும். திரும்பிப் போகும் கம்பியை அல்ல. இது விதி. திரும்பும் கம்பியைத் துண்டித்தாலும் காற்றாடி நிற்கும். ஆனால் நின்ற காற்றாடியில் மின்சாரம் அப்படியே இருக்கும். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. தொடுபவருக்குத் தெரியும்.

தொட்டவர் என் அக்கா. மலேசியாவில், ஈப்போ நகரின் சிலிபின் பகுதியில், வாடகை அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். தீபாவளிக்கு முன் காற்றாடி இறக்கைகளை ஈரத்துணியால் துடைப்பது எங்கள் குடும்பத்தில் எண்ணெய்க் குளியலுக்குச் சமமான கடமை. எழுபத்து மூன்று வயதில், சுவிட்சை அணைத்துவிட்டு, இரும்பு ஏணியில் ஏறித் துடைத்திருக்கிறார்.

"சும்மா சுருக்குன்னுச்சு தம்பி. ஒன்னும் ஆவல."

"கீழ விழுந்திருந்தா?"

"அதான் விழலையே. ஜப்பான் சிலிப்பர் போட்டிருந்தேன்லா. ரப்பர்ல கரண்டு ஏறாது."

முப்பது வருடம் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ரப்பர் தன்னைக் கைவிடாது என்று நம்புகிறார். அடி தேய்ந்து, தண்ணீரில் ஊறிய செருப்பு வேறு விஷயம் என்று நான் சொன்னது எடுபடவில்லை.

மின்சாரம் இருக்கிறதா என்று டெஸ்ட் பேனாவை வைத்துப் பார்த்தேன். சுவிட்ச் அணைந்திருந்தது, காற்றாடியின் கம்பி முனையில் பேனாவின் சின்ன விளக்கு எரிந்தது. போன வருடம் அந்த சுவிட்சை மாட்டியது, வீட்டை வாடகைக்கு விட்ட அலுவலகமே அனுப்பிய ஆள்.

கம்பிகளை இடம் மாற்ற வேண்டும். பத்து நிமிட வேலை. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் இன்னொரு விதி இருந்தது: குடியிருப்பவர் மின்கம்பிகளில் கை வைக்கக் கூடாது, பழுதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், பதினான்கு நாளுக்குள் பதில் வரும். தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவன் நான். எழுதினேன். மலாயில் மூன்று பத்தி, கம்பிகளின் வரைபடம் ஒன்று, நகல் இரண்டு.

பதினைந்தாம் நாள் ஈப்போவில் அந்த அலுவலக முகப்பில் நின்றேன். ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள்.

"கடிதமெல்லாம் இப்ப பாக்கறதில்ல அங்கிள். சிஸ்டத்துல போடணும்."

"போட்டேம்மா. அதுல உள்ள பட்டியல்ல லிஃப்ட் இருக்கு, குழாய் இருக்கு, கூரை இருக்கு. கரண்டு இல்ல. அதனால 'மற்றவை'ன்னு போட்டேன்."

"ஐயோ, மற்றவைன்னா கொஞ்சம் லேட்டாகும் அங்கிள்."

"எவ்வளவு லேட்டு?"

"அது மற்றவைய பாக்கறவருக்குத்தான் தெரியும். அவரு லீவு."

நினைவூட்டல் ஒன்று அனுப்பினேன். இரண்டாவது நினைவூட்டலில் முதலாவதன் எண்ணைக் குறிப்பிட்டேன். முப்பது வருடம் இத்தகைய கடிதங்களைக் கோப்பில் போட்டு மூடியவன், அவை எங்கே போய்ச் சேரும் என்று அறிந்தும் எழுதினேன்.

ஜனவரியில் அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"நாளைக்கு பொங்கலுக்கு வீடு தொடைக்கிறேன்."

"காத்தாடிய மட்டும் தொடாதக்கா. பதில் வரட்டும்."

"ஒட்டடையோட பொங்கல் வைக்கச் சொல்றியா? நீ பாட்டுக்கு கடுதாசி எழுது. நான் பாட்டுக்கு தொடைக்கிறேன்."

மறுநாள் காலையில், அவர் ஏணியை விரிப்பதற்கு முன் போய்ச் சேர்ந்தேன். மெயின் சுவிட்சை இறக்கினேன். சுவிட்ச் பெட்டியைத் திறந்தால், சந்தேகப்பட்டபடியே மின்சாரம் வரும் சிவப்புக் கம்பி வெட்டுப்படாமல் நேராக மேலே போனது. சுவிட்சில் மாட்டியிருந்தது திரும்பிப் போகும் கறுப்பு. கறுப்பை நேராக இணைத்து, சிவப்பை சுவிட்சில் மாட்டினேன். திருகாணி இரண்டு முறை கீழே விழுந்து உருண்டது. அக்கா தேடி எடுத்துக் கொடுத்தார். மெயினை ஏற்றி, சுவிட்சை அணைத்து, பேனாவை வைத்தேன். விளக்கு எரியவில்லை.

ஆனாலும் மெயினை மறுபடி இறக்கிவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அக்கா ஏறி, மூன்று இறக்கைகளையும் துடைத்தார். நனைந்த அழுக்கு என் சட்டையில் சொட்டியது.

"இவ்வளவுதானா? இதுக்கா ரெண்டு மாசமா கடுதாசி எழுதின?"

"நான் செஞ்சது சட்டப்படி குத்தம் அக்கா."

"அப்ப அத யாருக்கும் எழுதிப் போட்டுறாத."

பதில் வந்தது. என் புகார் பதிவாகியிருக்கிறது; தகுதி பெற்ற பணியாளர் வந்து பார்க்கும்வரை குடியிருப்பவர் காற்றாடியைத் தொட வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுகிறார். நான் பணியில் இருந்திருந்தாலும் இதே வாசகத்தைத்தான் எழுதியிருப்பேன். கடிதத்தில் தேதி போடும் இடம் காலியாக இருந்ததால், வந்த நாளை நானே மேல் மூலையில் குறித்து வைத்தேன்: தைப்பூசத்துக்கு மறுநாள்.