அப்பா துவக்கு வாங்கப் போன சனிக்கிழமை

எங்கள் வீட்டுக்குத் துவக்கு வாங்கப் போன கதையைச் சொன்னால் என் சிநேகிதிகள் நம்புவதில்லை. அப்பாவை நேரில் கண்டவர்கள் அறவே நம்புவதில்லை. பொறியில் அகப்பட்ட எலியைக்கூட இத்தாலியின் பலெர்மோ நகரத்துப் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் கொண்டுபோய் உயிரோடு விட்டுவிட்டு வருகிற மனிதர் அவர். ஆனாலும் போனோம். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்தச் சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையொன்றில், கீழ்த்தளத்தில், ஒற்றை அறைதான் எங்கள் வீடு. கதவைத் திறந்தால் தெரு. நான் பள்ளிக்கூடத்திலும் அப்பாவும் அம்மாவும் வேலையிலும் இருந்த ஒரு பகலில் யாரோ கதவை உடைத்து, அலுமாரிக்குள் இருந்த பிஸ்கட் பேணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பேணிக்குள் அம்மாவின் இரண்டு காப்புகளும் ஒரு சங்கிலியும் இருந்தன. அவற்றுக்கு அடியில், பொலித்தீன் உறையில் சுற்றிய ஒரு படம். ஒரு பாலை மரத்தின் கீழே நான்கு பெண்பிள்ளைகள் நின்றார்கள். அதில் ஒருத்தி அம்மா. தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்ததால் அது அம்மாதான் என்று நம்ப எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது.

அன்றிலிருந்து அம்மா அம்மாவாக இல்லை. அடுப்பில் பருப்பு கரிந்து மணக்கும், பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். எனக்குத் தலை இழுத்துப் பின்னும்போது ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள் முணுமுணுப்பது அவர் வழக்கம். அது நின்றுபோனது. எனக்கு அந்தப் பாட்டு வேண்டும். காப்பு போனால் போகட்டும், பாட்டு வேண்டும். அந்த வயதில் வேறெதற்கும் நான் அப்படி ஏங்கியதில்லை. அம்மா கள்ளனுக்குப் பயந்துவிட்டார் என்று அப்பா முடிவு செய்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

துவக்கு யோசனை சித்தப்பாவுடையது. அவர் ஒரு வயோதிபரின் வீட்டில் வேலை செய்தார். அந்த மனிதர் ஒரு காலத்தில் வேட்டைக்காரர். கண்ணாடி அலுமாரிக்குள் வரிசையாக நின்ற துவக்குகளைக் கிழமைக்கு ஒருமுறை துடைத்து வைப்பது சித்தப்பாவின் பொறுப்பு. தூசி துடைத்தே ஆயுத நிபுணரான மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். வேட்டைத் துவக்கு எங்கள் அறைக்கு நீளம் கூடவாம், திரும்பினால் குளிர்சாதனப் பெட்டியில் இடிக்குமாம். ரிவோல்வர் பாரமாம்.

“வீட்டுக்கெண்டா பிஸ்டல்தான் அண்ணை. அவசரத்துக்கு அண்ணியும் தூக்கலாம்.”

“எனக்கொண்டும் வேண்டாம்” என்றார் அம்மா. பயத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் முடிந்த பிறகு புறப்பட்டோம். நாட்காட்டி யாழ்ப்பாணத்தில் அச்சடித்தது. பலெர்மோவிலும் ராகு அதே நேரத்துக்குத்தான் வருவாரா என்று யாரும் கேட்கவில்லை. அப்பா கடதாசிகள் போட்டு வைக்கிற தன் பிளாஸ்டிக் கோப்பைக் கக்கத்தில் வைத்திருந்தார். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி, வீட்டு ஒப்பந்தம், நான் தடுப்பூசி போட்ட அட்டை எல்லாம் அதற்குள் இருந்தன. இந்த ஊரில் எவன் எந்தக் கடதாசியைக் கேட்பான் என்று தெரியாது என்பது அவர் அனுபவம். இத்தாலியன் சரளமாகப் பேசுகிறவள் நான் என்பதால் மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம் எனக்கு. அம்மா கடைசியாக, நாலடி பின்னால் வந்தார்.

துவக்குக் கடை ஸ்தாசியோனே என்கிற ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருந்தது. கடைக்காரர் கிழவர். வீட்டைக் காக்க அப்பாவுக்கு ஒரு துவக்கு வேண்டும் என்று நான் சொன்னதும் அப்பாவையும் கோப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வீட்டில் எத்தனை அறை என்று என்னைக் கேட்டார். ஒன்று என்றேன்.

முதலில் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் அனுமதி எடுக்க வேண்டும், டொக்டரின் கடிதம் வேண்டும், சுடப் பழக வேண்டும் என்றார். வாங்கிய பிறகும் பிள்ளையின் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும், ரவையை வேறாக வைக்க வேண்டும். “நீங்கள் இரண்டு பூட்டையும் திறப்பதற்குள் கள்ளன் கோப்பி குடித்துவிட்டுப் போயிருப்பான்” என்று சிரித்தார். நல்ல கதவு ஒன்று போடுங்கள் என்றும் சொன்னார்.

சித்தப்பா விடவில்லை. “சும்மா ஒருக்காக் காட்டச் சொல்லு பிள்ளை.”

கிழவருக்கும் பொழுது போக வேண்டுமே. ஒரு பிஸ்டலை எடுத்து வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். அப்பா அதை உயிருள்ள நண்டைப் பிடிப்பது போலப் பிடித்தார். சித்தப்பா விளக்கம் சொல்லச் சொல்ல அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரும்பிய துவக்கு வாய் என் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது.

வாசலில் நின்ற அம்மா எப்படி அவ்வளவு கெதியில் வந்தார் என்று தெரியாது. அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து நிலத்தை நோக்கித் தாழ்த்தி, பிஸ்டலை வாங்கினார். ரவைக்கூட்டைக் கழற்றினார். மேல்பக்கத்தை இழுத்தார், உள்ளே பார்த்தார், சின்ன விரலை விட்டுத் தடவினார். துவக்கின் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி மேசையில் வைத்தார். வெங்காயம் உரிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

“பிராவா, சிஞ்ஞோரா!” என்று மெச்சினார் கிழவர். எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். நான் அம்மாவிடம் கேட்டேன்.

“படத்திலை பாத்ததெண்டு சொல்லு.”

சண்டைப் படம் ஓடினால் தொலைக்காட்சியை நிறுத்துகிறவர் அவர். ஆனாலும் நான் பெருமையோடு அப்படியே சொன்னேன். சித்தப்பா மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். அப்பா கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும், “வாரும், போவம்” என்றார் அப்பா, மெதுவாக. வழியில் கடலைமா வடை வைத்த பாண் வாங்கித் தந்தார். தன்னுடைய பாணில் பாதியை அம்மாவுக்குக் கொடுத்தார். துவக்கைப் பற்றி எங்கள் வீட்டில் அதன் பிறகு யாரும் கதைக்கவில்லை. அடுத்த கிழமை கதவுக்கு ஓர் இரும்புக் குறுக்குச் சட்டம் வந்தது. பாட்டு வரவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதானபோதுதான் அம்மா சொன்னார். வன்னியில், போர்க்காலத்தில், வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் சண்டைக்கு ஆள் கேட்டபோது தம்பிக்குப் பதிலாக இவர் போயிருக்கிறார். அப்பாவுக்கும் சொல்லியிருக்கவில்லை, துவக்குக் கடையில்தான் அவருக்கு விளங்கியது. படத்தில் நின்ற நால்வரில் மிஞ்சியது அம்மா மட்டும். வேறு பிரதி இல்லை. “படத்தின்ரை கரையிலை நிண்டவளின்ரை முகம் இப்ப வருகுதில்லை பிள்ளை” என்றார். பாட்டு அவளுடையதாம்.

நான் இப்போது வடக்கே வேறு நகரத்தில் இருக்கிறேன். பழைய படங்கள் விற்கிற இடத்தைக் கண்டால் காரணமில்லாமல் நிற்கிறேன். அம்மாவின் பக்கத்தில் ஒரு தரமாவது அப்படி நின்றிருக்கலாம் என்று மனம் கிடந்து அடிக்கிறது.

ஏனென்றால் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அம்மா என்னைப் பல்லரோவின் பழைய சாமான் விற்கிற பக்கத்துக்குக் கூட்டிப்போவார். களவு போனதெல்லாம் அங்கேதான் வருமென்று யாரோ சொல்லியிருந்தார்கள். நிலத்தில் விரித்த துணியில் சப்பாத்துகள், கரண்டிகள், பெட்டி நிறையப் பழைய படங்கள், யார் யாருடையவோ கலியாணங்கள். அம்மா குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவார். வெயில் ஏறும். எனக்குப் பசிக்கும். நான் அவருடைய கையைப் பிடித்து இழுப்பேன்.

“அம்மா, காப்பு இதுக்கை இராது. வாங்கோ.”

“ஓம், வாறன்” என்பார். கை மட்டும் அடுத்த படத்தைப் புரட்டும்.