வெயில் பக்கமாக ஏறிய மலை

1997 டிசம்பர் கடைசி வாரம். அப்போது நாங்கள் டாலஸுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். திருச்சியில் பேங்க் வேலையில் இருந்த என் நாத்தனார் ஒரு மாத லீவு போட்டுவிட்டு முதல் தடவையாக அமெரிக்கா வந்திருந்தாள். வந்த பத்து நாளும் மால், கோயில், நண்பர்கள் வீட்டுச் சாப்பாடு என்றே போய்விட்டது. ஊருக்குத் திரும்புவதற்குள் அவளை வேறு மாதிரி ஓர் இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று, மேற்கு டெக்சாஸ் பாலைவனத்தில் இருக்கும் ஒரு மலைக்குத் திட்டம் போட்டவள் நான்தான்.

எனக்கு அப்போது மலையேறும் பைத்தியம். மேப் வாங்குவது, ரூட் போடுவது எல்லாம் என் பொறுப்பு. கணவர் கார் ஓட்டுவார்; மலையில் நான் காட்டும் பக்கம் நடப்பார். மாமியார் வீட்டில் என்னைப் பற்றி, ‘தனக்கு எல்லாம் தெரியும்னு நெனப்பு’ என்று ஒரு பேச்சு உண்டு. அது எனக்கும் தெரியும். நாத்தனார் முன்னால் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளும் ஆசையும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்பது மணி நேரம் ஓட்டிப்போய் ஒரு சின்ன ஊர் மோட்டலில் தங்கினோம். மறுநாள் காலை மலையடிவாரத்தில் இருந்த தேசியப் பூங்கா அலுவலகத்துக்குப் போனால், அங்கிருந்த பெண் ரேஞ்சர் உதட்டைப் பிதுக்கினார். உச்சிக்குப் போகும் பாதை ஒரு குறுகிய பள்ளத்தாக்கின் நிழல் பக்கச் சுவரை ஒட்டியே ஏறுகிறது. போன வாரம் விழுந்த பனி அங்கே உருகாமல் இறுகிக் கண்ணாடி மாதிரி கிடக்கிறதாம். ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் இல்லாமல் போகாதீர்கள் என்றார். எங்களிடம் அது இல்லை. நாத்தனார் காலில் இருந்ததோ திருச்சியில் வாங்கிய கான்வாஸ் ஷூ.

“சரி விடு, கார்லயே ஒரு ரவுண்டு அடிச்சிட்டுக் கெளம்பலாம்” என்றார் கணவர்.

எனக்கு மனசு வரவில்லை. காரின் பானெட் மேல் மேப்பை விரித்தேன். பள்ளத்தாக்கின் எதிர்ப் பக்கச் சரிவு தெற்கே பார்த்தது. குளிர்காலச் சூரியன் நாள் முழுக்க அங்கேதான் அடிக்கும். அந்தச் சரிவில் மாட்டின் முதுகெலும்பு மாதிரி ஒரு மேடு நீளமாக மேலே போய், உச்சிக்குக் கொஞ்சம் கீழே வழக்கமான பாதையோடு சேர்ந்தது. மேப்பில் உயரத்தைக் காட்டும் கோடுகள் அங்கே அவ்வளவு நெருக்கமாக இல்லை. அப்படியென்றால் ஏற்றம் ரொம்பச் செங்குத்து இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். மேப்பில் இருந்த அதே மேடு காய்ந்து, வெயிலில் பளிச்சென்று கிடந்தது.

மறுபடி உள்ளே போய் ரேஞ்சரிடம் விரலால் காட்டினேன். போகலாம், தடை இல்லை, ஆனால் பாதை என்று எதுவும் கிடையாது, மத்தியானம் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள் என்றார். எங்கள் பெயர்களையும் கார் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார்.

நான் முன்னால் போனேன். சுண்ணாம்புப் பாறை, முள்கற்றாழை, குட்டையான சப்பாத்திக்கள்ளி. பாதை இல்லாவிட்டாலும் மான்கள் நடந்த தடம் ஆங்காங்கே இருந்தது. எதிர்ச் சுவரில் நாங்கள் போயிருக்க வேண்டிய பாதை வெள்ளையாக மினுங்கியது. இந்தப் பக்கம் நாங்கள் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினோம். நாத்தனார்தான் அடிக்கடி நின்றாள். “ஒரு நிமிஷம் அண்ணி” என்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பேன்.

ஒரு மணி ஆனபோது உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. “இன்னும் இருபது நிமிஷம்தான்” என்று சொல்லி இருவரையும் இழுத்துக்கொண்டு போனேன். அரை மணி நேரம் ஆனது. உச்சியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். கீழே உப்பு பூத்த தரை கண்ணுக்கு எட்டிய வரை. “சூப்பர் அண்ணி” என்றாள் அவள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இறங்கும்போதுதான் வினை. ஏறும்போது ஒரே மேடாகத் தெரிந்தது, மேலிருந்து பார்த்தால் இரண்டு மூன்றாகப் பிரிந்து இறங்கியது. நான் யோசிக்காமல் இடது பக்கம் திரும்பினேன். அங்கிருந்து எங்கள் கார் தெரிந்தது. அது ஒன்று போதும் என்று நினைத்தேன்.

“அண்ணி, நாம இந்தப் பக்கமா வரலையே” என்றாள் பின்னாலிருந்து.

“கார் அதோ இருக்கு பாரு. நேரா இறங்கிட்டா போச்சு.”

முக்கால் மணி நேரம் இறங்கினோம். சரிவு ஒரு வறண்ட ஓடைக்குள் போய், ஓடை சட்டென்று முடிந்தது. மழைக்காலத்தில் அருவி விழும் இடம்போலிருக்கிறது. ஆள் உயரத்துக்குக் கீழே ஒரு சின்ன மேடை. அதற்கும் கீழே என்ன என்று தெரியவில்லை. “போதும், மேல ஏறிடலாம்” என்றார் கணவர். நான் கேட்கவில்லை. வயிற்றைப் பாறையில் வைத்துச் சறுக்கி அந்த மேடையில் இறங்கினேன்.

எட்டிப் பார்த்தேன். மூன்று மாடி உயரத்துக்குச் செங்குத்தாக வெறும் பாறை.

திரும்பினேன். இறங்கிய இடத்தில் கை பிடிக்க ஒன்றும் இல்லை. மேலே போகவும் முடியாது, கீழே போகவும் முடியாது. கணவர் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார், எட்டவில்லை. இன்னும் முன்னால் நகர்ந்தால் அவரும் தலைகீழாக வந்துவிடுவார்.

அப்போது நாத்தனார் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு காலையும் அதில் உதைத்துக்கொண்டு, அண்ணனின் கணுக்கால்களை இறுக்கிப் பிடித்தாள். “அண்ணா, இப்ப முன்னால போ. நான் விடமாட்டேன்.” அவர் இடுப்பு வரை வெளியே வந்தார். முதல் தடவை என் கை வழுக்கியது. இரண்டாவது தடவை மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். ஒரு விரிசலில் காலை ஊன்றி, முட்டியெல்லாம் தேய்ந்து, எப்படியோ மேலே வந்து விழுந்தேன்.

கணவர் என் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மணி மூன்றரை தாண்டியிருந்தது. நான் மேப்பை எடுத்தேன். ஒரு கோடும் புரியவில்லை.

“உனக்கு வந்த வழி தெரியுமா?” என்று அவளைக் கேட்டேன்.

“தெரியும் அண்ணி. மூச்சு வாங்கினப்பல்லாம் திரும்பி நின்னு கீழயே பாத்துட்டு இருந்தேன். பட்டுப்போன மரம் ரெண்டு சேந்தாப்ல நிக்கும். அதுக்கு நேர் கீழ ஒரு வெள்ளைப் பாறை. அந்தப் பக்கம்தான் எறங்கணும்.”

நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்திருக்கவில்லை. என் கண் முழுக்க உச்சியில்தான் இருந்தது.

அவள் முன்னால் நடந்தாள். இறங்கியதையெல்லாம் மறுபடி ஏறி, அந்த இரண்டு மரங்களைக் கண்டுபிடித்து, சரியான மேட்டின் வழியாக இறங்கினோம். அடிவாரத்துக்கு வந்தபோது முகம் தெரியாத அளவுக்கு மசங்கிவிட்டது. எங்கள் கார் பக்கத்தில் அந்த ரேஞ்சர் தன் வண்டியை நிறுத்திவிட்டு டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாம் நலமா என்று கேட்டார். “நலம்தான்” என்று கணவர் என்னை விட்டுக்கொடுக்காமல் சொன்னார்.

எனக்கு அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. இல்லை, நான்தான் தப்பாகக் கூட்டிப்போனேன் என்று சொல்லி, எந்த இடத்தில் திரும்பினேன், எங்கே மாட்டிக்கொண்டேன் என்று அவருடைய மேப்பில் காட்டினேன். கேட்டுக்கொண்டு, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டுக்கொண்டார். இனிமேல் கேட்பவர்களிடம் சொல்கிறேன் என்றார். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.

மோட்டலுக்கு வந்ததும் நாத்தனார் காலிங் கார்டில் திருச்சிக்குப் பேசினாள். அங்கே அப்போது காலை. நான் முட்டிக்கு மருந்து போட்டுக்கொண்டு, இன்றோடு என் மானம் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன்.

“ஆமாம்மா, உச்சி வரைக்கும் போனோம். வழியெல்லாம் ஒரே ஐஸ். அண்ணிதான் மேப்ப பாத்து வேற வழி கண்டுபிடிச்சாங்க. பத்திரமா வந்துட்டோம்மா.”

அவ்வளவுதான் சொன்னாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, குளிக்கப் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் மாமியார் வீட்டில் ஒருவருக்கும் அந்தப் பாறை விஷயம் தெரியாது. அதைப் பற்றி என்னிடம்கூட அவள் ஒரு தரம் பேசியதில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ மலை ஏறிவிட்டேன். யாராவது மெதுவாக வந்து நடுவழியில் நின்றால் இப்போது எனக்கு எரிச்சல் வருவதில்லை. நானும் அவர்களோடு நின்று, வந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.