திருப்புளி அழித்த டிஸ்க்

என் தங்கையைக் கட்டியவரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். திருப்புளி என்றால்தான் தெரியும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஸ்க்ரூடிரைவர்தான் இருக்கும். என் வெல்டிங் பட்டறைக்கு அடுத்த கதவு அவருடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கைராசிக்காரர். முன்பின் தெரியாதவன் பெட்டியாக இருந்தாலும், உள்ளே இருக்கும் கல்யாண போட்டோவை எல்லாம் வேறு டிஸ்கில் ஏற்றி வைத்துவிட்டுத்தான் கை வைப்பார்.

வீட்டுக் கம்ப்யூட்டரைத்தான் அவர் கண்டுகொள்ளவில்லை. தங்கை அதில்தான் எம்பிராய்டரி டிசைன் வரைவாள். பூ, கொடி, கழுத்து வேலை என்று பத்து வருஷத்துக்கு மேல் வரைந்து சேர்த்தது. தையல் கடைக்காரர்கள் வாங்கிப்போய் மெஷினில் போடுவார்கள். அவள் பிழைப்பே அதுதான். பெட்டியோ ஆமை மாதிரி நகரும். ஊர்ப் பெட்டிக்கெல்லாம் வைத்தியம், என் பெட்டிக்கு மட்டும் பத்தியமா என்று குத்திக்காட்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. புது மதர்போர்டும் பிராசஸரும் வாங்கிவந்து மாட்டினார். போர்டு மாறினால் பழைய விண்டோஸ் மக்கர் பண்ணும், துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவதுதான் நல்லது என்றார். பெட்டிக்குள் இரண்டு டிஸ்க். ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் அவள் டிசைன். டிசைன் இருப்பதை முதலில் கழற்றி வைத்துவிடுங்கள் என்றாள் தங்கை. இவர் சிரித்தார்.

"எத்தனை பெட்டி பாத்திருக்கேன். லிஸ்ட்ல மேல வர்றதுதான் விண்டோஸ் டிஸ்க். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன்."

பழைய போர்டில் அப்படித்தான் வந்தது. புதுப் போர்டில் ஒயரை இடம் மாற்றிச் செருகிவிட்டார், வரிசை புரண்டுவிட்டது. இரண்டும் ஒரே அளவு டிஸ்க், எதற்கும் பெயர் வைக்கவில்லை. மேலே வந்ததைத் துடைத்து, அதிலேயே விண்டோஸையும் ஏற்றிவிட்டார். நகல் வைத்திருக்கிறாயா என்று ஊரையே கேட்பவர், வீட்டில் கேட்கவில்லை.

பெட்டி கண் இமைக்கும் நேரத்தில் திறந்தது. தங்கை உட்கார்ந்து டிசைன்களைத் தேடினாள், ஒன்றும் இல்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

போனதை மீட்கும் சாப்ட்வேர் எல்லாம் போட்டுப் பார்த்தார். வந்தது கொஞ்சம். அதில் பாதி திறக்கவில்லை, திறந்தது பாதிப் பூவோடு நின்றது. தங்கை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கம்போல சோறு போட்டாள், துணி மடித்து வைத்தாள். அதுதான் அவரை அரித்தது. பட்டறைக்கு வந்து இரும்புக் குழாய் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"மச்சான், ஒரு தடவை வாய்விட்டுத் திட்டச் சொல்லுங்க. போதும்."

போனேன். தங்கை திரையில் ஒரு இலையை முதலிலிருந்து வரைந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"திட்டினா அவருக்கு மனசு ஆறிடும்ணே. எனக்கு?"

திரும்பி வந்தபோது அவர் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவள் வேலையாக இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.